சன்னாசி வண்டியின் இடது பின்சக்கரம்

சன்னாசியின் பிக்கப் வண்டியில் இடது பின்சக்கரம் ஆட ஆரம்பித்த அன்றைக்குத்தான் உச்சிச்சுனை ஊரும் ஆட ஆரம்பித்தது; எது முந்தி, எது பிந்தி என்று கேட்டால் அந்த ஊரில் ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. மழை தூறினால் ஏன் தூறுகிறது என்றா விசாரித்துக்கொண்டிருப்போம், காயப்போட்ட காபிக்கொட்டையை வாரி உள்ளே போடுவோமா இல்லையா. அப்படித்தான் அவர்களும்.

போடிக்கு மேலே, வளைவுக்கு மேல் வளைவாக ஏறிப் போனால், பஸ்ஸும் வராத, பஸ் விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் திரும்பி வராத மேட்டில் இருக்கிறது அந்த ஊர். ஏலக்காய் இறங்குவதும் அரிசி ஏறுவதும், சம்மந்தக்காரர்கள் வருவதும் கோபித்துக்கொண்டு போவதும் எல்லாம் சன்னாசி வண்டியில்தான். அந்த வண்டி ஒருநாள் ஆனைக்கல் வளைவில் திரும்பும்போது பின்னால் கடக் என்றது. அடுத்த வளைவில் கடக், கடக். பிரேக்கை மிதித்தால் முதல் மிதிக்கு வெறுமனே உள்ளே போய், இரண்டாம் மிதிக்குத்தான் பிடித்தது. சன்னாசி இறங்கிப் பார்த்தான். டயரின் உள்பக்க ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. வீல் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தான், எல்லாம் கிண்ணென்று இருந்தன. சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்தான், அவன் வரவர வழிநெடுக வீடுகளில் பாத்திரங்கள் குலுங்கின.

அதற்குப் பிறகு ஊரில் எதுவும் இருந்த இடத்தில் தங்கவில்லை. சுவரில் அடித்த ஆணி தானாகக் கழன்று விழுந்தது, கதவு கீலை விட்டு இறங்கியது, பொம்பளைகள் கால் மெட்டி நடக்கும்போதே வழியில் உருண்டது, எலும்பைக் கடித்து இழுக்கிற வயசுக்காரர்களுக்கும் முன்பல் ஆடியது, காளியம்மன் மூக்குத்தி பூசாரி கையோடு வந்தது, ரகசியம் சொன்னால் சொன்னவர் வாசலைத் தாண்டும் முன்னே அது ஊரைத் தாண்டிவிட்டது. ஊர் என்ன செய்தது என்றால், கயிறு வாங்கியது. அலமாரியைச் சுவரோடு கட்டினார்கள், பானையை உறியோடு கட்டினார்கள், கிழவர்கள் கண்ணாடியைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள், அம்மன் மூக்குத்தியையும் மஞ்சள் நூல் போட்டுக் கட்டினார்கள், ஒரு வாரத்தில் கடையில் கயிறு தீர்ந்துபோய் வேட்டிக்கரையைக் கிழித்துக் கட்டினார்கள். கட்டிவிட்டு அவரவர் காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆடுது, கட்டியாச்சு, அவ்வளவுதானே.

சன்னாசியால் மட்டும் அப்படி விட முடியவில்லை. அவன் பொண்டாட்டி பஞ்சவர்ணத்துக்கு ஆறாம் மாசம். இதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை, இரண்டும் ஆறாம் மாசத்தில்தான் நழுவிப் போயின. ஆணி தங்காத ஊரில், மெட்டி தங்காத ஊரில், வயிற்றுப்பிள்ளை எப்படித் தங்கும் என்று அவனுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் காலை உயர்த்தித் தலகாணி மேல் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு, கட்டிலில் அசையாமல் படுத்திருந்தாள். "வண்டிய எடுக்காதய்யா," என்றாள். "நீ வளைவுல திரும்புறப்பல்லாம் எனக்கு அடிவயிறு நழுவுது." அவன் சாவியை ஆணியில் மாட்டப் போனான், ஆணி கழன்று விழுந்தது. வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் போடிக்குப் போன் போட்டு மெக்கானிக் நாகூர்கனியை வரச் சொன்னான்.

கனி பாய் வந்தார், பழைய பைக்கில், மடியில் பேரிங் பொட்டலமும் பின்னால் பட்டறைச் சாமான் மூட்டையுமாக. வந்தவர் டீ கூடக் குடிக்கவில்லை. வண்டிக்கடியில் ஜாக்கி கொடுத்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார், கட்டையை முட்டுக் கொடுத்தார், சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையுமாகப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். சக்கரம் டொக் டொக் என்று ஆடியது. ஊரில் அத்தனை வீட்டுச் சட்டிபானையும் டொக் டொக் என்றது, நாய் குரைத்தது, உள்ளேயிருந்து பஞ்சவர்ணம் ஐயோ என்று வயிற்றைப் பிடித்தாள். பாய் கையை எடுத்துவிட்டார். அப்புறம் மெல்ல, ஒரே ஒரு தடவை, தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற மாதிரி அசைத்தார். மறுபடியும் ஊர் அசைந்தது.

"ஸ்பிரிங் பட்டை சரியாத்தான் இருக்கு சன்னாசிண்ணே. யூ-போல்ட்டும் சரி. பேரிங் போயிருச்சு," என்றார். "சக்கரத்து நடு ஹப்புல ஆட்டம். கழட்டி மாத்தணும். கழட்டுற நேரத்துக்கு ஊர என்ன பண்ணப் போறீக?"

அதற்கும் ஊர் அலட்டிக்கொள்ளவில்லை. எல்லாரையும் தரையில் உட்காரச் சொன்னார்கள், ஆடுமாட்டை மரத்தோடு கட்டினார்கள், கைக்குழந்தைக்காரிகள் குழந்தையை மடியில் போட்டுச் சேலையால் சுற்றிக்கொண்டார்கள். பாய் ஆக்ஸிலை உருவி, நட்டைக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்த நேரத்தில் உச்சிச்சுனை ஊர் மலைமேல் லேசாக மிதந்தது என்று சொன்னால் தப்பில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்தில் இருந்த புல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சன்னாசி பஞ்சவர்ணத்தின் மேல் படுக்காத குறையாகக் குனிந்து அவள் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். பழைய பேரிங் நீலம் பாரித்து, உருளையெல்லாம் அம்மைத் தழும்பாகப் பொரிந்து கிடந்தது. பாய் புதுசுக்குக் கிரீஸை விரலால் திணித்துத் திணித்து ஏற்றி, சக்கரத்தை உள்ளே தள்ளி, நட்டைக் கையால் பிடித்துத் திருகியதும், ஊர் பழையபடி மலைமேல் வந்து உட்கார்ந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சரி. தப்பு நடந்தது அடுத்துத்தான்.

பாய் சொன்னார்: "சக்கரத்தச் சுத்திவிட்டுக்கிட்டே நட்ட முறுக்கணும். சக்கரம் இழுத்துப் பிடிக்கும். பிடிச்ச பிறகு கொஞ்சம் பின்னால விடணும். பேரிங்குக்கு மூச்சு வேணும். அதுக்கப்புறம்தான் வாஷர மடக்கிப் பூட்டணும்." நல்ல வார்த்தைதான், ஆனால் யார் கேட்டது. உச்சிச்சுனையில் ஒரு பழக்கம் உண்டு. அம்மன் சப்பரம் தூக்கும்போது ஊரில் எந்த வீட்டை விட்டாலும் அந்த வீடு வருஷம் பூரா பேசாது. அதனால் வீட்டுக்கு ஒரு ஆள் கை வைக்க வேண்டும், கை வைக்காமல் சப்பரம் நகராது. இது ஊரையே இறுக்குகிற நட்டு. மெக்கானிக் ஒரு ஆளா இறுக்குவது? பெரிய ஸ்பானரில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகினார்கள், வீட்டுக்கு ஒருத்தர் வரிசையில் நின்றார்கள், ஆளாளுக்கு ஒரு இழுப்பு. கூரை ஒழுகுகிறவன் கூரையை நினைத்து இழுத்தான், புருசன் தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறவள் புருசனை நினைத்து இழுத்தாள். பாய் குறுக்கே விழுந்து மறித்தார், "பேரிங் எரிஞ்சுபோகும்யா" என்று தொண்டை கிழியக் கத்தினார், அவரைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்து ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள்.

மருத்துவச்சி மூக்கம்மாளும் இழுத்தாள். அந்த ஊரில் பிறந்த அத்தனை பேரும் அவள் கையில் விழுந்தவர்கள்தான், ஆனால் அவள் வயிற்றில் பிறந்த ஒரே பயல் பாண்டீஸ்வரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடந்தான். பொங்கலுக்கு வருவான், கோழி கொதித்து இறங்கும் முன்னே பையைத் தூக்குவான். அன்றைக்கு அவன் ஊரில் இருந்தான், மறுநாள் கிளம்புவதாக இருந்தான். மூக்கம்மாள் குழாயில் தொங்கி இழுத்த இழுப்பில் அவள் முழங்கால் தரையில் முட்டியது. கடைசி ஆள் சன்னாசி. மற்றவர்கள் கையால் இழுத்தார்கள், அவன் குழாய்மேல் ஏறி நின்று மிதித்தான். நழுவிப்போன ரெண்டு பிள்ளையையும் நினைத்துக்கொண்டு மிதித்தான். தங்கு, தங்கு, தங்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மிதித்தான். நட்டு கடைசியாக ஒரு முனகல் முனகி நின்றது.

ஊர் இறுகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, முதலில் எல்லாருக்கும் அது சொர்க்கமாகத்தான் இருந்தது. கட்டிய கயிற்றை எல்லாம் அறுத்துப் போட்டார்கள். கூரை ஒழுகவில்லை, பல் ஆடவில்லை, சொன்ன சொல் கேட்டவர் வயிற்றிலேயே கிடந்தது, வெளியே சுற்றின புருசன்மார் வாசப்படியை விட்டு இறங்கவில்லை. பஞ்சவர்ணத்துக்கு ஏழாம் மாசம் பிறந்தது, எட்டாம் மாசம் பிறந்தது, பிள்ளை உள்ளே கல்லுக் கணக்காக உட்கார்ந்திருந்தது. சன்னாசி அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுச் சிரித்தான், அவள் அவன் தலையைத் தட்டித் தட்டித் தள்ளிவிட்டாள். அப்படி ஒரு சந்தோசத்தை அந்த வீடு அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

என்ன ஒன்று, ஊரை விட்டு ஒருத்தரும் வெளியே போக முடியவில்லை. ஆனைக்கல் வளைவு வரைக்கும் நடப்பார்கள், அங்கே போனதும் கால் தானாகத் திரும்பி ஊரைப் பார்க்க நடக்கும். மூட்டை போகும், மனுசன் போக முடியாது. அதற்கும் பழகிக்கொண்டார்கள். ஏலக்காய் மூட்டையை இந்தப் பக்கம் நின்று நீட்டுவார்கள், அந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொண்டு அரிசி மூட்டையை நீட்டுவார்கள், நர்சம்மா வளைவுக்கு அங்கிட்டு நின்று பஞ்சவர்ணத்துக்குச் சத்து மாத்திரையை எட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். பாவம், கனி பாய்தான் மாட்டிக்கொண்டார். முறை வைத்து வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட்டார், கீழேயிருந்து அவர் வீட்டம்மா போனில் திட்டுவதை ஊரே கேட்டது, நட்டைத் தொடுகிறேன் என்று அவர் எழுந்தாலே நாலு பேர் எழுந்தார்கள். ஸ்பானரை மூக்கம்மாள் தன் வீட்டு அடுப்படியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அவளிடம் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. அவள் மகனுக்கு மூன்று வேளையும் சுடச்சுடப் போட்டாள். அவன் தின்றுவிட்டு ஆனைக்கல் வளைவுப் பாறையில் போய் உட்கார்ந்து கீழே தெரிகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

பத்தாம் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பஞ்சவர்ணத்துக்கு இடுப்புவலி எடுத்தது.

மூக்கம்மாள் வந்து சேலையை இழுத்துச் சொருகினாள். பிள்ளை பெறுகிற வீட்டில் பூட்டு, பெட்டி, முடிச்சு எல்லாம் திறந்து கிடக்க வேண்டும், அது அங்கே வழக்கம். சன்னாசி பீரோவைத் திறக்கப் போனான், திறக்கவில்லை. டிரங்குப் பெட்டி திறக்கவில்லை. பஞ்சவர்ணத்தின் கொண்டையை அவிழ்க்கப் போனார்கள், மயிர் முடிச்சு அவிழவில்லை. அவள் கைவிரல் மூடினது மூடினபடி இருந்தது. வலி வந்தது, போனது, வந்தது, பிள்ளை மட்டும் ஒரு நூல் நகரவில்லை. வெயில் ஏறிவிட்டது.

வாசலில் கனி பாய் சன்னாசியின் தோளைப் பிடித்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீக. நட்டு விடாம பிள்ள வராது. உங்களுக்கே தெரியும்."

சன்னாசிக்குத் தெரியும். குழாய்மேல் ஏறி நின்று மிதித்தது அவன் கால்தானே. ஜன்னலில் போய் நின்றான். "அத்தே," என்றான்.

"வரும்ப்பா," என்றாள் மூக்கம்மாள், திரும்பிப் பார்க்காமல். "எத்தனை பாத்திருக்கேன். தலைச்சன் இப்படித்தான்."

"அத்தே, அந்த ஸ்பானரு..."

"வரும்ங்கிறேன்ல. அங்கிட்டுப் போ."

அவன் போகவில்லை. உச்சிப்பொழுது ஆனது. ஊர் வாசலில் கூடி நின்றது, ஸ்பானர் யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், அதை ஏன் தர மாட்டாள் என்பதும் தெரியும், அதனால் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஞ்சவர்ணம் அதுவரைக்கும் கத்திக்கொண்டிருந்தாள். இப்போது கத்தல் நின்றுவிட்டது. அந்த அமைதியில் சன்னாசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தான், அதற்கு மேல் அவனுக்கு எதுவும் நினைக்க ஓடவில்லை. அத்தையை அதட்டவும் முடியாது, அவள் கையில்தான் இரண்டு உயிரும் இருக்கின்றன.

உள்ளே மூக்கம்மாள் கையை வைத்துப் பார்த்தாள். பிள்ளையின் உச்சந்தலை விரலுக்குத் தட்டுப்பட்டது, துடிப்பு இருந்தது, ஆனால் துடிப்பு தள்ளித் தள்ளி வந்தது. பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஏப்பா சன்னாசி. பாண்டீசுவரன வரச் சொல்லு. எங்க அடுப்படியில விறகுக்குப் பின்னால ஸ்பானர் இருக்கு. அவனே எடுத்துட்டு வரட்டும்."

பாண்டீஸ்வரன் ஓடிப்போய் எடுத்து வந்தான். வண்டி பக்கத்தில் வந்து நின்றவன் ஸ்பானரைக் கீழே வைக்காமல் கேட்டான்: "அம்மாவா சொல்லுச்சு?"

"ஆமா மாப்ள," என்றான் சன்னாசி.

பாண்டீஸ்வரன் ஸ்பானரில் குழாயைச் சொருகினான். அவனும் சன்னாசியும் தொங்கினார்கள், நட்டு அசையவில்லை. "எல்லாரும் வாங்கய்யா," என்றார் கனி பாய், "இறுக்கினது எத்தனை கையோ அத்தனை கை வேணும்." ஊர் ஒரு கணம் தயங்கியது. ஒழுகும் கூரைக்காரன் கூரையைப் பார்த்தான், சுற்றுகிற புருசன்காரி புருசனைப் பார்த்தாள். பிறகு அவள்தான் முதலில் வந்து குழாயில் கை வைத்தாள், அவள் பின்னால் ஒவ்வொருத்தராக வந்தார்கள்.

"ஒரேயடியா விட்றாதீக," என்றார் பாய். "இத்தனை நாள் இறுகிக் கிடந்தது. சடார்னு விட்டா உதிரம் கொட்டிரும். மூக்கம்மா ஆத்தா உள்ளேருந்து சொல்லட்டும். சொன்னா விடுங்க, சொன்னா நிறுத்துங்க." அவர் இரண்டு கையையும் சக்கரத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"விடு," என்றாள் மூக்கம்மாள்.

இழுத்தார்கள். நட்டு கிறீச்சிட்டு ஒரு மயிரிழை நகர்ந்தது. வீட்டுக்குள் பீரோக் கதவு திறந்துகொண்டது. பஞ்சவர்ணம் ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி கத்தத் தொடங்கினாள், அந்தக் கத்தலைக் கேட்டதும் சன்னாசிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இன்னும் விடு. விடு. ம், நிறுத்து."

ஊர் முழுக்கப் பெட்டிகள் திறந்தன, முடிச்சுகள் அவிழ்ந்தன, யாரோ வாய் தவறி ஒரு பழைய ரகசியத்தைச் சொன்னார்கள், அதைக் கேட்க யாருக்கும் அப்போது காது இல்லை.

"விடு. தலை வருது. விடு, சன்னாசி, இன்னும் கொஞ்சம்." அவன் இழுத்தான். நட்டு திடுமென்று வழுக்கி ஒரு கால் சுற்று ஓடிவிட்டது. பாயின் கைக்கடியில் சக்கரம் டொக் என்றது, பாத்திரங்கள் குலுங்கின, உள்ளேயிருந்து மூக்கம்மாளின் குரல் உடைந்து வந்தது: "அய்யய்யோ, உதிரம். இறுக்கு. இறுக்கு."

சன்னாசி குழாயை மறுபக்கம் மாற்றிப் போட்டான். எவ்வளவு இறுக்குவது? முன்னே இறுக்கினதும் இந்தப் பயத்தில்தான். மிதிக்கலாமா என்று கால் தானாகத் தூக்கியது, அவன் காலைக் கீழே வைத்தான். விரலால் தள்ளுகிற மாதிரி மெல்லத் தள்ளினான். பாய் சக்கரத்தை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே, "இன்னும், இன்னும் ஒரு துளி, இருங்க," என்றார். "இப்ப?"

உள்ளேயிருந்து சத்தமில்லை. சன்னாசி குழாயைப் பிடித்த பிடியிலேயே உறைந்து நின்றான், தள்ளவும் பயம், இழுக்கவும் பயம்.

"அங்கனயே நிறுத்து," என்றாள் மூக்கம்மாள். "நின்னுருச்சு. அங்கனயே வையி."

பாய் வாஷரின் காதை நட்டின் மேல் மடக்கிச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்குப் பிள்ளை அழுதது.

எல்லாரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பாண்டீஸ்வரன் மட்டும் உட்காரவில்லை. அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான், கையிலிருந்த கிரீஸை இலையில் துடைத்தான், வீட்டுக்குப் போனான், பையோடு திரும்பி வந்தான். சன்னாசி வீட்டு ஜன்னலைப் பார்த்தான். பிறகு ரோட்டில் இறங்கி நடந்தான். வளைவில் அவன் கால் திரும்பவில்லை. சன்னாசி அதைப் பார்த்தான். பாய் ஆக்ஸிலைச் செருகி போல்ட்டுகளைப் பூட்டி, ஜாக்கியை இறக்கினார்.

வெகுநேரம் கழித்து மூக்கம்மாள் பழஞ்சேலையில் சுற்றிய பிள்ளையோடு வெளியே வந்தாள். "பொட்டப்பிள்ள," என்று அவன் கையில் கொடுத்தாள். "பஞ்சவர்ணம் நல்லாருக்கா, கஞ்சி கேக்கிறா." சன்னாசி பிள்ளையைப் பார்த்தான். அது விரலை மூடியது, விரித்தது, மூடியது.

மூக்கம்மாள் கூட்டத்தில் ஒரு தடவை கண்ணை ஓட்டினாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

"போயிட்டானா?"

"இப்பத்தான் அத்தே. வளைவத் தாண்டியிருப்பான்."

அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கனி பாய், இந்தச் சக்கரம் இனி மலையிறங்குமா?"

"இறங்கும் ஆத்தா. தாராளமா."

"அப்ப பிள்ளைய எங்கிட்டக் குடு சன்னாசி," என்றாள். "வண்டிய எடு. இந்த வெயில்ல நடந்து போறான். ஏத்திட்டுப் போயி பஸ் ஏத்திவிட்டு வா. காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல, ஏதாவது வாங்கிக் குடு. நான் சொன்னேன்னு சொல்லாத."

சன்னாசி பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினான்.